பழனி மலையில் அடுத்தவர் புருஷனை நான் திட்டிய கதை

தரிசனத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, முருகன் சௌக்கியம். ரோப் காரும் சௌக்கியம். என் மானம் போனது போன் இல்லாததால்.

2023 அக்டோபரிலிருந்து பழனி மலைக்கோயிலுக்குள் செல்போன் கூடாது. அடிவாரத்தில் போனுக்கு 5 ரூபாய் கட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறணும். நல்ல விஷயம்தான். ஆனால் சிட்னியில் எங்கள் வீட்டில் யார் எங்கே நிற்கிறோம் என்று போனில் புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். கடைவீதியில் மகன் கண் மறைந்தால் பிள்ளையைத் தேடமாட்டேன், புள்ளியைத்தான் தேடுவேன். "காணாமப் போனா கொடிமரத்தடியில வந்து நில்லு" என்று சின்ன வயதில் தாத்தா ஒவ்வொரு கோயிலிலும் சொல்வார். அந்த ஒரு வரியை மகனிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இதில் அப்பா, பிள்ளை இருவருக்கும் மொட்டை வேறு. பதினாலு வருஷமாக என் வீட்டுக்காரர் தலையை முடியோடுதான் பார்த்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பாதயாத்திரைக் கூட்டம். எங்கே திரும்பினாலும் மொட்டை, சந்தனம், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு வருகிறேன், ஆறு டப்பா. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் கையில் பாதியைத் திணித்தேன். "ஒரு இடத்தில நிக்கத் தெரியாதா உங்களுக்கு? பையன் எங்க? எருமை மாடு மாதிரி வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறீங்க!"

திரும்பியவருக்குப் பெரிய மீசை. என் வீட்டுக்காரருக்கு மீசையே கிடையாது.

மூன்று டப்பாவையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டே, "ஏனுங்கம்மா, நான் கரூருங்க" என்றார். பக்கத்தில் அவர் மனைவி. அந்தம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. சிட்னியில் இப்படி நடந்திருந்தால் இரண்டு பக்கமும் பத்து 'சாரி' சொல்லிவிட்டு ஆளுக்கொரு திசையில் ஓடியிருப்போம். இங்கே அந்தம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது மைக்கில் ஒரு குரல்: "சென்னிமலையிலிருந்து வந்திருக்கும் லட்சுமி, பச்சைப் புடவை, உங்கள் குடும்பத்தினர் இங்கே காத்திருக்கிறார்கள்."

பாவம், யாரோ சென்னிமலைக்காரி என்று நினைத்துக்கொண்டேன். லட்சுமி என்று கூப்பிட்டால் அந்த மலையில் நூறு பேர் திரும்புவார்கள். விரதக் கூட்டத்தில் பச்சைப் புடவையும் அதே கணக்குதான். மூன்றாவது முறை அறிவித்தபோது கரூரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்க பேரு என்னன்னு சொன்னீங்க?" என்றார்.

போனால், இரண்டு மொட்டைகளும் அங்கே நிற்கின்றன. விவரம் சொன்னது மகனாம். அவன் ஆஸ்திரேலியத் தமிழில் சொன்ன 'சிட்னி', மைக்கில் பேசியவர் காதில் சென்னிமலையாக விழுந்திருக்கிறது. அது அவர் தப்பில்லை, மாதம் இத்தனை டாலர் கட்டித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பும் எங்கள் தப்பு.

"புடவை பச்சைன்னு சொன்னது யாரு?"

"பச்சைதானே?" என்றார் இவர், சந்தனத் தலையைத் தடவிக்கொண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள், டப்பாக்களோடு பின்னாலேயே வந்திருந்த கரூரம்மா முந்திக்கொண்டார். "மயில்கழுத்துக் கலருங்க அது. முருகன் கோயில்ல நின்னுக்கிட்டு இதுகூடத் தெரியலீங்களா?"