33 கேட்டால் 40 வைக்கிறார்கள்

மச்சான் போன வாரம் போனில் கேட்டார்: "புது டயர் போட்டு ஒரு வருஷம் ஆச்சே, எப்படி இருக்கு? எனக்கும் மாத்தணும்." நல்லா இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் மனசு கேட்கவில்லை. பதினான்கு மாதம், பதினாறாயிரம் கிலோமீட்டர். அதில் டயரைப் பற்றி யோசித்த நேரம் குறைவு. அதற்குள் இருக்கிற காற்றைப் பற்றி யோசித்ததுதான் அதிகம்.

சைஸ் 185/65 ஆர்15, பழசும் இதேதான். பழைய டயர்களைக் கழற்றியபோது நடுப்பகுதி நன்றாக இருந்தது, இரண்டு ஓரமும் மொட்டை. காற்று குறைவாகவே ஓட்டியிருக்கிறேன் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். தப்பு என்னுடையது. இந்த முறை ஒழுங்காக இருப்போம் என்றுதான் டயர் கடையில் நின்றேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று ஸ்டிக்கர் இருக்கிறது: மூன்று பேர் வரை நான்கு சக்கரத்துக்கும் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு), ஆளும் லக்கேஜும் நிறைந்தால் பின்னால் 36. அதைக் காட்டி, "33 வைங்க" என்றேன்.

பையன் டயரின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினான். "இதுல 51 வரைக்கும் போட்டிருக்குதுங்க. நாப்பது வெச்சிருக்கனுங்க, ஒண்ணும் ஆகாதுங்க."

அந்த 51 டயர் தாங்குகிற உச்சம். நம் காருக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. பார்க்க வேண்டியது கதவுத் தூணைத்தான். இதை அன்று சொல்லத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். நைட்ரஜன் போடலாமா என்று வேறு கேட்டார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதானே என்று அதற்கு மட்டும் பதில் வந்தது.

அடுத்த இரண்டு வாரம் டயர் கம்பெனியைத் திட்டாத நாளில்லை. வேகத்தடை ஏறினால் பல் ஆடியது. அவிநாசி ரோட்டில் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் முதுகில் தெரிந்தது. கட்டையை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கடைசியில் காற்றழுத்தம் பார்க்கிற கேஜ் ஒன்று வாங்கி, விடிகாலையில், வண்டியை எடுக்கும் முன் வைத்துப் பார்த்தேன். 41, 39, 40, 38. வால்வு ஊசியை அழுத்தி அழுத்தி நான்கையும் 33க்கு இறக்கினேன். அன்று காலை ஆபீஸ் போனபோது வேறு வண்டியில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. சத்தம் பாதி. அதே வேகத்தடை மெத்தென்று ஏறி இறங்கியது. இரண்டு வாரமாக வாங்கிக் கட்டிக்கொண்ட டயருக்கு ஒரு மன்னிப்பு பாக்கி.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து வழக்கம்போல பெட்ரோல் பங்க்கில் பிடித்தேன். மெஷினில் 33 வைத்தார்கள், கீங் என்றது, கிளம்பினேன். மறுநாள் காலை கேஜில் 30. பங்க்குக்கு நான்கு கிலோமீட்டர் ஓட்டித்தான் போயிருந்தேன். ஓடிய டயர் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். சூட்டில் 33 வைத்தால் குளிர்ந்ததும் இறங்கத்தான் செய்யும். ஸ்டிக்கரில் இருப்பது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டிக்கான கணக்கு. இதோடு போகவில்லை. வேறொரு பங்க் மெஷின் 35 என்றது, என் கேஜ் 32 என்றது. இன்னொரு பங்க்கில் நேர்மாறு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சின்ன கம்ப்ரசர் ஒன்றும் வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை நான் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், வீட்டுக்காரி பால்கனியிலிருந்து, "நம்ம பாப்பாவுக்குக்கூட இப்படிக் காய்ச்சல் பார்த்ததில்லீங்க நீங்க" என்பாள்.

அதற்கும் பலன் இருந்தது. வலது பின்சக்கரம் மட்டும் பத்து நாளுக்கு இரண்டு, இரண்டு என்று இறங்கியது. வாங்கிய கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்து, பஞ்சர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தெருமுனைப் பஞ்சர் கடைப் பெரியவர் மூடியைக் கழற்றினார், விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தார், காத்திருந்தார். மெதுவாக ஒரு குமிழ் உப்பி உடைந்தது. வால்வு ஊசி லூஸ். இருபது ரூபாய். டயர் மாற்றிய பில்லில் நான்கு புது வால்வுக்குக் காசு வாங்கியிருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ஊட்டி போனபோது ஒரு வேடிக்கை. காலையில் அங்கே பத்து டிகிரிக் குளிர். பத்து டிகிரி இறங்கினால் அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு இறங்க வேண்டும், நிச்சயம் 31 இருக்கும் என்று கம்ப்ரசரோடு போய்க் குனிந்தேன். கேஜ் 33.5 என்றது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை. 2,200 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே மெலிந்துவிடுவதால், குளிர் இறக்கியதை உயரம் ஏற்றிக் கொடுத்துவிட்டது. ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இனி டயர். குன்னூர் மலைப்பாதையில் மழையில் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில்கூட வழுக்கவில்லை. தேய்மானம் ஓரமும் நடுவும் ஒன்றுபோல இருக்கிறது. மைலேஜில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி இதையே வாங்குவேனா என்றால், மாட்டேன். 31 ஆனால் ஸ்டீயரிங் கனக்கிறது, 35 ஆனால் துள்ளுகிறது. இவ்வளவு தொட்டாற்சிணுங்கி டயரை ஒரு தடவை வளர்த்தது போதும்.

மச்சான், உங்கள் வண்டிக்கு வேண்டுமானால் தாராளமாகப் போடுங்கள். கடையில் 40 வைத்துத்தான் அனுப்புவார்கள், சண்டை போட வேண்டாம். ஞாயிறு காலை அப்படியே என் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுங்கள், சரிபண்ணித் தருகிறேன். அட, ஓட்டி வந்தால் சூடாகிவிடுமே. நீங்கள் வண்டியை எடுக்காதீர்கள், கம்ப்ரசரோடு நானே வருகிறேன்.