நேரடிச் சேர்க்கையா, சினை ஊசியா: குட்டிகளின் அப்பா யாரென்று எதில் உறுதி?

என் லாப்ரடார் பெட்டையும் மஞ்சள், தேர்ந்தெடுத்த கடுவனும் மஞ்சள். பிறந்த ஏழு குட்டிகளில் இரண்டு கறுப்பு. ஈரம் துடைத்துத் துண்டில் வரிசையாகப் படுக்க வைத்தபோதே வயிற்றைக் கலக்கியது. லாப்ரடாரில் மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் கறுப்பு பிறக்காது. (கறுப்பு ஜோடிக்கு மஞ்சள் பிறந்தால் சந்தேகப்படாதீர்கள், அது நடக்கக்கூடியதுதான்.) குட்டிகளின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினேன். ஐந்துக்கு அப்பா நாங்கள் நினைத்த நாய்தான். மற்ற இரண்டுக்கும் அந்தக் கடுவனின் வீட்டிலேயே இருந்த கறுப்பு நாய். பெட்டையை அங்கே விட்டுவந்த நான்கு நாளில் எப்போதோ ஒரு கதவு திறந்திருக்கிறது.

அடுத்த முறை குளிரூட்டிய விந்துவோடு சினை ஊசிக்குப் போனேன். இரண்டையும் பார்த்தபின் என் ஓட்டு ஊசிக்குத்தான்.

நேரடிச் சேர்க்கை இயல்பானது, செலவு குறைவு. ஊசியில் பெட்டையை அலைக்கழிக்க வேண்டாம், உடலுறவால் தொற்றும் நோய்ப் பயமும் குறைவு. இதெல்லாம் தெரிந்ததே.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: குட்டி வாங்க வருபவரிடம் இன்ன நாய்தான் அப்பா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? நாய் விஷயத்தில் இது லேசில்லை. முட்டை வெளிவந்த பிறகு முதிரவே இரண்டு மூன்று நாள் ஆகும், அப்புறமும் ஓரிரு நாள் தாங்கும். விந்தணு பெட்டையின் உடலுக்குள் ஐந்தாறு நாள்கூட உயிரோடிருக்கும். அதனால் திங்களன்று சேர்ந்த நாயும் வியாழனன்று வேலி தாண்டிய நாயும் ஒரே ஈற்றுக்கு அப்பா ஆகலாம். நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1998 முதல் இப்படிப்பட்ட ஈற்றுகளை டிஎன்ஏ சான்றோடு பதிவு செய்கிறது. "பிணைந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன்" என்பார்கள். சரி, அந்த நாய் சேர்ந்தது உண்மை. அது மட்டும்தான் சேர்ந்தது என்பதற்கு என்ன சாட்சி?

ஊசியில் ஒவ்வொரு படிக்கும் எழுத்து இருந்தது. விந்து எடுக்கும் முன் கடுவனின் தோலடியில் உள்ள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணைப் படித்துக் குழாயில் எழுதினார்கள். ஊசி போடும் முன் நான் அதை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டேன். கடுவனின் டிஎன்ஏ மாதிரியையும் அன்றே எடுத்தாயிற்று.

ஆனால் ஊசி போட்டதும் ஹீட் (சினைப்பருவம்) நின்றுவிடாது. பெட்டை அதன் பிறகும் சில நாள் ஆண் நாயை ஏற்கும். அது அடங்கும் வரை கொல்லைக்குக்கூடக் கயிற்றில்தான் அழைத்துப்போனேன். குழாயே மாறிப்போகவும் வாய்ப்புண்டு. அதனால் எந்த வழியானாலும் எல்லாக் குட்டிகளுக்கும் டிஎன்ஏ பாருங்கள். சந்தேகப்படும் கடுவன்கள் அண்ணன் தம்பியாக இருந்தால் ஆய்வகத்திடம் முன்பே சொல்லி, இரண்டின் மாதிரியையும் கொடுங்கள்.

உறைவிந்து நான் பயன்படுத்தியதில்லை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். மைனஸ் 196 டிகிரியிலிருந்து உருக்கிய விந்தணு ஒரு நாள் தாங்கினாலே பெரிது. இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவு பார்த்து நாள் குறித்து, கருப்பைக்குள்ளேயே செலுத்த வேண்டும். இன்னொன்று, இயல்பாகச் சேர்ந்து இனப்பெருக்கம் செய்திராத நாய்களுக்கு ஊசி கூடாது என்பது எஃப்சிஐ என்ற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் பொது விதி. அது நியாயம் என்றே நினைக்கிறேன். முதல் ஈற்றுக்கு நேரடிச் சேர்க்கையே சரி, பெட்டையை விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.

இந்த முறை எட்டுக் குட்டிகள், எட்டும் மஞ்சள். இருந்தும் எட்டுக்கும் சோதனை முடிவு வந்த பிறகுதான் முன்பணம் வாங்கினேன்.