அகாய் எம்பிசி கீ 61: அரேஞ்சர் வாசிப்பவர் வாங்கலாமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். இடது கையில் கார்ட் பிடித்து, வலது கையில் மெலடி வாசித்து, யமஹா பிஎஸ்ஆர், கோர்க் பிஏ மாதிரி அரேஞ்சரில் (பிடிக்கிற கார்டைப் பார்த்துத் தாளமும் பக்கவாத்தியமும் தானாக வாசிக்கும் கீபோர்டு) பழகிய கை உங்களுடையது என்றால், அந்தக் கீபோர்டை விற்றுவிட்டு அந்தக் காசில் அகாய் எம்பிசி கீ 61 வாங்காதீர்கள். கூடவே வைத்துக்கொள்ள வாங்குவதென்றால் அது வேறு கதை. அதைப் பற்றித்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

2022-இல் வந்த பெட்டி இது, ஒலிகளைப் பதிந்து, வெட்டி, பேடில் தட்டிப் பாட்டாக அடுக்குவதற்கு. 61 கீ, அரை வெயிட், ஆஃப்டர்டச், 16 பேட், 7 அங்குலத் தொடுதிரை, 4 ஜிபி ரேம். கம்ப்யூட்டர் தேவையில்லை, எல்லாம் உள்ளேயே ஓடும். ஸ்பீக்கர் மட்டும் கிடையாது, எனவே வீட்டில் சும்மா பிளக்கை மாட்டி நாலு பாட்டு வாசிக்கும் சமாசாரமெல்லாம் இங்கே நடக்காது. அமெரிக்காவில் 1,899 டாலருக்கு வெளியிட்டார்கள், வரியெல்லாம் சேர்ந்து நம்மூர்க் கடைக்கு வரும்போது விலையைப் பார்த்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பார்க்கக் கீபோர்டு மாதிரி இருப்பதால்தான் குழப்பமே. ஒரு கடையில் "இதுல ஸ்டைல் எல்லாம் உள்ளயே இருக்கு சார்" என்று என்னிடமே அடித்துச் சொன்னார்கள். இல்லை. உள்ளே இருப்பவை சாம்பிள்கள் (பதிந்த ஒலித் துண்டுகள்), லூப்கள் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகள்), சின்த் பிளகின்கள் (ஒலியை உருவாக்கும் மென்பொருள்கள்). நீங்கள் எஃப் பிடித்தால் எஃப்-க்கும் ஜி பிடித்தால் ஜி-க்கும் தானாக மாறுகிற பின்னணி வாசிப்பு, அதாவது ஸ்டைல், என்று ஒன்றும் அதில் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் நல்லது ரொம்பவே நல்லது. ஊர்த் திருவிழாவில் போனில் பிடித்த பறை ஒலி ஒன்று என்னிடம் இருந்தது, காற்று இரைச்சல், பின்னால் யாரோ விசில், எல்லாம் சேர்ந்த பதிவு. அதை உள்ளே ஏற்றி, ஒலியை வெட்டும் சாப் பக்கத்தில் த்ரெஷோல்டை (எவ்வளவு சத்தத்தில் வெட்டவேண்டும் என்ற அளவை) கொஞ்சம் நகர்த்தினால் ஒவ்வோர் அடியும் தனித்தனித் துண்டாக வெட்டப்பட்டு 16 பேடிலும் உட்கார்ந்துவிடுகிறது. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் நோட் ரிப்பீட்டை 1/32-இல் வைத்து ஒரு பேடை அழுத்திப் பிடித்தால் உருட்டு வருகிறது. விரலை அழுத்த அழுத்த உருட்டின் சத்தம் ஏறுகிறது, தளர்த்தினால் இறங்குகிறது, குச்சியில் வாசிக்கிற ஆளின் ஏற்ற இறக்கத்தில் பாதியாவது கைக்கு வந்துவிடுகிறது. 16 லெவல்ஸ் போட்டால் ஒரே அடி பதினாறு சுருதியில் விரிகிறது, தபலா பாயாவுக்கு இது அற்புதம். அப்புறம் அந்த ஸ்விங், ஒன்றுவிட்டு ஒன்று அடியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு ஆட்டம் கொடுக்கிற வசதி. 1988-இல் ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60 காலத்திலிருந்து இந்தப் பெட்டிகளுக்குப் பேர் வாங்கித் தந்ததே அதுதான், 50-இலிருந்து 75 சதவீதம் வரை நகர்த்தலாம், 54-க்கும் 58-க்கும் இடையில் குத்துப் பாட்டு உயிர் பிடிப்பதைக் கேட்டால்தான் புரியும்.

இதே வேலையை அரேஞ்சரில் செய்து பாருங்கள். பிஎஸ்ஆர் எஸ்எக்ஸ்900-இல் சொந்தச் சாம்பிளை டிரம் கிட்டாக்க வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் யமஹா எக்ஸ்பான்ஷன் மேனேஜரைத் திறந்து, பேக் செய்து, பென்டிரைவில் எடுத்துவந்து, பிறகு ஸ்டைல் கிரியேட்டரில் உட்கார வேண்டும். முடியும். ஆனால் மாலை கச்சேரிக்கு மதியம் ஒரு ரிதம் செய்துகொண்டு போகலாம் என்ற எண்ணமே வராது.

சரி, பிரச்சினைக்கு வருவோம். அரேஞ்சரின் மூளை கார்டில் இருக்கிறது. யமஹாவில் ஒரு ஸ்டைலின் பேஸ் லைன் வழக்கமாக சி மேஜர் 7-ஐ மூலமாக வைத்துப் பதிவாகியிருக்கும், நீங்கள் ஏ மைனர் பிடித்ததும் எந்த சுரம் எங்கே நகரவேண்டும், எது மூன்றாம் சுரமாக இறங்கவேண்டும், கிட்டார் எந்த வாய்சிங்கில் வரவேண்டும் என்பதற்கெல்லாம் என்டிஆர், என்டிடி என்று விதிகள் அந்த ஸ்டைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். எம்பிசி-க்கு இந்த மூளை கிடையாது. பதிந்ததை அப்படியே திருப்பி வாசிக்கும். பேட் பெர்ஃபார்ம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு பேடைத் தட்டினால் ஒரு கார்ட், அடுத்ததைத் தட்டினால் அடுத்தது, புரோகிரஷன்கூட உண்டு, நன்றாகவே இருக்கும். ஆனால் நீங்கள் தட்டும் கார்டைப் பார்த்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பேஸ் லைன் தன்னை மாற்றிக்கொள்ளாது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மாற்று வழி, கார்டுக்கு ஒரு சீக்வென்ஸ் (பதிந்துவைத்த வாசிப்பு) செய்து, நெக்ஸ்ட் சீக்வென்ஸ் பக்கத்தில் பேடுகளால் மாற்றிக்கொள்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சி, எஃப், ஜி, ஏ மைனர் நான்கே கார்ட் உள்ள சர்ச் பாட்டு. பல்லவிக்கு ஒரு வேரியேஷன், சரணத்துக்கு ஒன்று, எட்டு பேட் போயிற்று. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஃபில் (பகுதி மாறும்போது வரும் உருட்டு) வைத்தால் பன்னிரண்டு. இன்ட்ரோ, எண்டிங், மீதி இரண்டு. நடுவில் டி மைனர் ஒன்று எட்டிப்பார்த்தால் அதற்கு மூன்று பேட் வேண்டும், முடிந்தது கதை. பாரின் பாதியில் கார்ட் மாறினால் சடன் பட்டனைத் தட்டித் தாவலாம், அதை மேடையில் நிதானமாகச் செய்கிறவருக்கு என் கும்பிடு. பாடகர் கடைசி வரியைத் திரும்ப எடுத்தாலும், "அரைக்கட்டை ஏத்திக்கலாமா" என்று கண்ணைக் காட்டினாலும் அரேஞ்சரில் ஒரு விரல் வேலை. இங்கே வெட்டி வைத்த நாதஸ்வரத் துண்டு தன் பழைய சுருதியிலேயே நின்று முறைக்கும்.

பாட்டுக்குப் பாட்டு மாறுவதும் தொல்லைதான். அரேஞ்சரில் ரெஜிஸ்ட்ரேஷன் பட்டன் ஒன்றைத் தட்டினால் ஸ்டைல், வாய்ஸ், டெம்போ எல்லாம் மாறிவிடும். எம்பிசி-யில் புது புராஜெக்ட் ஏறும்வரை சும்மா நிற்கவேண்டும், காம்பியர் ஜோக் சொல்லிக் காப்பாற்றவேண்டும். எல்லாப் பாட்டையும் ஒரே புராஜெக்டில் திணிக்கலாம், 128 சீக்வென்ஸ் வரை இடமிருக்கிறது, ஆனால் மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள்.

இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பது முடியாத காரியமா என்றால் இல்லை. 1993-இலேயே கோர்க் ஐ3 என்று வொர்க்ஸ்டேஷன் ஒலியையும் அரேஞ்சரையும் சேர்த்து ஒரு கீபோர்டு கொண்டுவந்தார்கள். 2001-இல் வந்த கோர்க் கர்மா, பிடிக்கிற கார்டைப் பார்த்து வாத்திய நடையையே பின்னிக்கொண்டு போனது. இன்றைக்கு ரோலண்ட் ஃபான்டமில் 16 பேட் இருக்கிறது, ஆனால் இடது கைக்கு ஸ்டைல் இல்லை. யமஹா ஜெனோஸ்2-இல் ஸ்டைல் குவிந்து கிடக்கிறது, ஆனால் தட்டி வெட்டி விளையாட 16 பேட் இல்லை. பீட் செய்கிற பையனும் மேடையில் வாசிக்கிற அண்ணனும் வேறு வேறு ஆட்கள் என்று இந்தக் கம்பெனிகள் முடிவுகட்டிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே ஆள்.

அதனால் நான் இரண்டையும் கேபிளால் கட்டிப்போட்டேன், இது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சாதாரண 5 பின் மிடி கேபிள் இரண்டு, போக ஒன்று, வர ஒன்று. டெம்போவை ஒத்துப்போக வைக்கும் கிளாக் எம்பிசி-யிலிருந்து போகட்டும், ஆடியோ லூப் அங்கேதான் இருக்கிறது. எஸ்எக்ஸ்900-இன் மிடி அமைப்பில் கிளாக்கை வெளியிலிருந்து எடுக்கச் சொல்லி, அதே இடத்தில் ஸ்டார்ட்/ஸ்டாப்பை சாங் என்பதிலிருந்து ஸ்டைல் என்று மாற்றுங்கள், இதை விட்டுவிட்டு ஸ்டைல் ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய. பிறகு ஸ்டைலில் ரிதம் 1, ரிதம் 2 இரண்டையும் அணைத்து ரெஜிஸ்ட்ரேஷனில் சேமியுங்கள். இப்போது பறையும் உறுமியும் எம்பிசி-யிலிருந்து, பேஸும் கிட்டாரும் ஸ்ட்ரிங்ஸும் உங்கள் இடது கையைப் பின்தொடர்ந்து யமஹாவிலிருந்து. இன்னும் ஒரு படி போகலாம்: ஸ்டைலின் பேஸ் பார்ட்டை ஒரு தனி மிடி சேனலில் வெளியே அனுப்பி, எம்பிசி டிராக்கில் அதே சேனலை எடுத்து, மானிட்டரை இன்-இல் வைத்தால், யமஹாவின் கார்ட் மூளையில் எம்பிசி-யின் சின்த் பேஸ் ஓடும். முதல் தடவை டி மைனருக்கு அந்தத் தடித்த பேஸ் தானாக இறங்கியபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

குறை இருக்கிறது. டெம்போவை இனி எம்பிசி-யில்தான் மாற்றவேண்டும், அது ஓடாவிட்டால் ஸ்டைலும் நகராது. யமஹாவில் ஃபில் பட்டனை அழுத்தினால் அதன் வாத்தியங்கள் மட்டும் ஃபில்லுக்குப் போகும், எம்பிசி-யின் டிரம் தன் பாட்டுக்கு அதே நடையில் போய்க்கொண்டிருக்கும். அங்கேயும் ஒரு பேடைத் தட்ட வேண்டும், அந்த நொடி மெலடியிலிருந்து கை விலகும். குழுவில் ஆக்டோபேட் (எலக்ட்ரானிக் டிரம் பேட்) வாசிப்பவர் இருந்தால் எம்பிசி-யை அவர் பக்கம் தள்ளிவிடுங்கள், ஃபில் அவர் பாடு, கார்ட் உங்கள் பாடு.

ஆனால் இப்படிக் கட்டுவதற்கு 61 கீ உள்ள எம்பிசி எதற்கு? கீ ஏற்கெனவே அரேஞ்சரில் இருக்கிறது. எம்பிசி ஒன் பிளஸ் போதும், அதே 16 பேட், அதே 7 அங்குலத் திரை, அதே சீக்வென்சர், விலை பாதிக்கும் கீழே. ரேம் 2 ஜிபிதான், பிளகின்களைக் கண்டபடி திறக்க முடியாது, ரிதமுக்கு அது தேவையும் இல்லை. கீ 61 யாருக்கு என்றால், வீட்டு ஸ்டுடியோவில் பாட்டு செய்கிறவருக்கு, கம்ப்யூட்டர் பக்கம் போக விருப்பமில்லாதவருக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மேடைக்காரர் ஒன் பிளஸையும் இரண்டு மிடி கேபிளையும் வாங்கிக்கொண்டு, மீதிக் காசை வைத்துக்கொள்ளலாம். கச்சேரியன்று சவுண்டு சர்வீஸ்காரரிடம் கீபோர்டுக்கு ஒன்று, எம்பிசி-க்கு ஒன்று என இரண்டு ஸ்டீரியோ லைன் வேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள், மேடை ஏறியபின் கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும்.