பழைய வீட்டை விற்றுக் கொடுத்த அனுபவம்: எந்தச் செலவு பலன் தந்தது?

பெரியப்பா, பெரியம்மாவின் வீட்டை விற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. அப்புறம் சித்தியின் வீடு. இரண்டுமே உறுதியாகக் கட்டப்பட்டவைதான், ஆனால் உள்ளே எல்லாம் பழைய மோஸ்தர். இரண்டு விற்பனையிலும் கூடவே இருந்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது இது: வாங்க வருகிறவர் பழைய டைல்ஸைப் பார்த்துப் பின்வாங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் விலையைக் குறைத்துக் கேட்கிறார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் செலவழித்த பணம் எதுவும் வீண் போகவில்லை.

முதலில் எலக்ட்ரீசியனையும் பிளம்பரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, பார்த்ததை எழுதி வாங்கினோம். பெரியப்பா ரிப்பேர் பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவற்றைத் தேதிவாரியாக ஃபைலில் அடுக்கி மேஜைமேல் வைத்தோம். வந்தவர்கள் அறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த ஃபைலைத்தான் உட்கார்ந்து புரட்டினார்கள். ஒயரிங் பழையது என்பதையும் மறைக்கவில்லை. மாற்ற ஆகும் செலவின் மதிப்பீட்டைச் சேர்த்தே வைத்திருந்ததால், பேரம் அந்தத் தொகையைத் தாண்டவில்லை.

பெயின்ட் வேலையில் கவனம் வேண்டும். ஹாலின் மேல்தளத்தில் பழைய ஒழுகலின் பழுப்பு வளையம் ஒன்று இருந்தது. ஒழுகலை அடைத்து, நன்றாகக் காயவிட்டு, கறை மேலெழாமல் தடுக்கும் பிரைமரை அடித்த பிறகே பெயின்ட் அடிக்கச் சொன்னோம். நேரடியாக எமல்ஷன் அடித்தால் அந்தக் கறை மறுபடி ஊறி வெளியே வரும், வந்தவர் கண் நேராக அங்கேதான் போகும். கதவுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க நாங்கள் சம்மதிக்கவில்லை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தேய்த்தால் தூசியாகப் பறந்து மூச்சில் போகும். பழைய தரை டைல்ஸிலும் கூரை ஷீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் (உடைத்தால் நுரையீரலைக் கெடுக்கும் நார்த்தூசி பறக்கும் கல்நார்) இருக்க வாய்ப்புண்டு, பரிசோதிக்காமல் உடைக்கவே கூடாது. பெரியவர்கள் அங்கேயே குடியிருக்கும்போது இதில் அலட்சியம் காட்டுவது எனக்கு ஏற்பில்லை.

செலவு குறைந்த வேலை விளக்குதான். ஒரே ஹாலில் ஒரு பல்பு மஞ்சளாகவும் இன்னொன்று நீலம் பாய்ந்த வெள்ளையாகவும் எரிந்தது. எல்லாவற்றையும் இளமஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் எல்ஈடிக்கு மாற்றியதும் போட்டோவில் அறையே வேறு மாதிரி தெரிந்தது. ஓத வாடைக்கு வாசனை ஸ்பிரே அடிப்பதில் பயனில்லை. நீர் கசியும் இடத்தைச் சரிசெய்து, அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பூஞ்சை அடங்கும்.

சித்தி வீட்டுச் சமையலறையை முழுதாக மாற்றச் சொல்லித் தரகர் வற்புறுத்தினார். நாங்கள் கீல்களை இறுக்கி, குழாயை மட்டும் மாற்றினோம். வாங்கியவர் குடிவந்த கையோடு அதை இடித்துத் தன் விருப்பப்படி கட்டிக்கொண்டார்.

பொருட்களை ஒழிப்பதுதான் பெரிய வேலை. "எது வேண்டாம்?" என்று கேட்டால் பெரியம்மா வாயே திறக்க மாட்டார். புது வீட்டின் அறைகளை அளந்து தாளில் வரைந்து கொடுத்து, "இது எங்கே இருக்கட்டும், பெரியம்மா?" என்று கேட்டேன். பென்சிலை வாங்கிக்கொண்டு, "மிஷினை ஜன்னலோரமா வை, எனக்குக் கண்ணு தெரியணும்ல" என்றார். தாளில் இடம் கிடைக்காதவற்றை அவரே பார்த்து, யாருக்கு எது என்று பிரித்தார். இன்றும் அந்தத் தையல் மிஷின் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது, ஓடிக்கொண்டும் இருக்கிறது. பரணிலிருந்த போட்டோக்களை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தோம், சின்னவற்றை 600-ல். அந்தக் கோப்புகளைக் குடும்பத்தில் எல்லோரும் இப்போதும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பத்திரங்களைப் பார்ப்பதை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருத்த நாளாகும். பெரியவர்கள் சார்பில் கையெழுத்திட வேண்டியிருந்தால், அவர்கள் தெளிவாக இருக்கும்போதே வக்கீலைப் பார்த்து அதிகாரப் பத்திரம் எழுதிக்கொள்வது நல்லது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரம் முடிந்துவிடும். அவர் சுயநினைவு இழந்தாலும் செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு, பத்திரத்துக்குப் பத்திரம் மாறும். மாமா இப்போதுதான் வீட்டை விற்கும் பேச்சை எடுத்திருக்கிறார். அவரிடம் நான் முதலில் கேட்டது பத்திர ஃபைலைத்தான்.