இதயத் துடிப்பைக் காட்டும் மணிக்கட்டுப் பட்டை: ஆறு மாத அனுபவம்

நாள்தோறும் நடக்கும்படி மருத்துவர் சொன்னபோது, எந்த வேகத்தில் நடப்பது என்று தெரியாமல்தான் இந்தப் பட்டையை வாங்கினேன். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த 'மிதமான' என்ற சொல்லின் பொருள் இக்கருவியால்தான் எனக்கு விளங்கியது. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் நடையில் திரை நிமிடத்துக்கு 110 துடிப்பு என்று காட்டியது.

ஓய்வுநிலைத் துடிப்பைப் பதிந்து வைப்பதே இதன் சிறந்த பயன். தொடக்கத்தில் காலை எழுந்ததும் 82 ஆக இருந்த துடிப்பு, ஆறு மாதத்தில் 70க்கு இறங்கியது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்யும்போது இதயத்தசை வலுப்பெற்று, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுவதால், குறைந்த துடிப்புகளிலேயே உடலின் தேவை நிறைவேறுகிறது. இரத்த அழுத்தம் குறையவும் பயிற்சி துணைபுரிகிறது. துடிப்பின் அந்த இறக்கத்தை வரைபடத்தில் கண்ட அன்று உண்மையாகவே நெகிழ்ந்துபோனேன்.

குறையும் உண்டு. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைக் கணிக்கும் முறை என்பதால், பட்டை தளர்ந்திருந்தால் அளவு தவறிவிடுகிறது. ஒருமுறை படியேறுகையில் 180 என்று காட்டிப் பதறவைத்தது, மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தால் 120தான். மார்பு வலியோ படபடப்போ உள்ளவர்கள் இதை நம்பியிராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடைப்பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒருமுறை சார்ஜ் செய்தால் ஐந்து நாள் தாங்குகிறது.