வாடகை வீட்டுச் சுவருக்கு எந்தப் பசை?

மதுரையில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பலரும் கேட்டிருக்கும் முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். சென்ற வீட்டைக் காலி செய்தபோது, இருபக்க டேப்பைப் பிய்த்த இடமெல்லாம் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்ததால் அட்வான்ஸில் ஒரு பகுதியை இழந்தேன். அதன்பின் பசை வாங்கும்போது, அது எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கு முன்னால், எப்படிப் பிடியை விடும் என்பதைத்தான் பார்க்கிறேன்.

குறிப்பு எழுதி ஒட்டும் போஸ்ட்-இட் தாளின் பசையை 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டறிந்தார். அக்ரிலேட் என்னும் செயற்கைப் பொருளின் நுண்கோளங்களால் ஆன அந்தப் பசை, பரப்பு முழுவதும் படியாமல் புள்ளி புள்ளியாகவே தொடுவதால் எளிதில் பிரிகிறது. கோளங்கள்மேல் தூசி படிந்தவுடன் பயனற்றுப் போகிறது. காகிதத்துக்கு அது போதும், காலண்டருக்குப் போதாது.

கொக்கியைச் சுவரில் ஒட்ட உதவும், இழுத்தால் நீளும் பட்டையின் இயக்கம் வேறு. கொக்கியில் தொங்கும் எடை சுவரை ஒட்டிக் கீழ்நோக்கி இழுப்பதால், அந்தச் சுமை பட்டையின் பரப்பு முழுவதும் பரவுகிறது. கழற்றும்போது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து, சுவரோடு சுவராக மெதுவாக இழுக்க வேண்டும். அப்போது பட்டை நீண்டு மெலிகிறது. மெலிந்த ஓரத்திலிருந்து ஒட்டு சிறிது சிறிதாக விடுபடுவதால் பெயின்ட்டைப் பெயர்க்கும் விசை எழுவதில்லை. அதே நுனியை நம் பக்கமாக இழுத்தால் என் பழைய டேப்பின் கதைதான். கொக்கியை மீண்டும் பயன்படுத்தலாம். பட்டைக்கு ஒரே வாழ்வுதான்.

கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் ஜெல் டேப்பைப் பல்லியின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். உடும்பு நகத்தால் பற்றுகிறது. பல்லியின் விரலடியிலோ கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. டோக்கே என்ற பல்லி இனத்தின் ஒரு பாதத்தில் அவை ஏறத்தாழ 5 லட்சம். அவற்றின் நுனிகளுக்கும் சுவருக்கும் இடையிலான வான்டெர்வால்ஸ் ஈர்ப்பே, அதாவது மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது எழும் மெல்லிய ஈர்ப்பே, பிடிமானம் என்பதை 2002இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. மயிரின் சாய்வுக் கோணத்தைச் சுமார் 30 பாகைக்கு மேல் உயர்த்தியதும் பிடி தானாக விடுகிறது. நான் வாங்கிய டேப்பில் மயிர் எதுவும் இல்லை. மேடு பள்ளங்களுக்குள் படிந்துகொள்ளும் மென்மையான ஜெல்தான் அது. தூசியைக் கழுவினால் ஒட்டும் தன்மை திரும்புகிறது. டைல்ஸிலும் கண்ணாடியிலும் இதற்கே என் முதலிடம்.

இந்த ஒப்பீட்டைக் கலைப்பவை நம் வெயிலும் சுவரும். பட்டையும் ஜெல்லும் வெப்பத்தில் இளகி, எடையோடு மெல்ல வழுகும் தன்மை கொண்டவை. மேற்கு வெயில் நேரே காயும் சுவரில் சித்திரை, வைகாசி மாதங்களில் கனமான எதையும் இவற்றை நம்பித் தொங்கவிட மாட்டேன். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரும் சுண்ணாம்புச் சுவரில் பசை பொடியைத்தான் பற்றும், சுவரைப் பற்றாது. அங்கே காகிதம் ஒட்ட, நம் ஊர்ச் சுவரெங்கும் காதணி விழாப் போஸ்டர்களைத் தாங்கும் மைதா பசையே சரி: மாவுச்சத்து நீரில் நெகிழும், ஆகவே ஈரத்துணியை ஒற்றி ஊறவிட்டால் தாள் கையோடு வந்துவிடும்.