டிக்கியில் 2000 வாட்ஸ், பானெட்டுக்குள் வெந்துபோன வயர்

காரில் பெரிய ஆம்ப்பும் (பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வூஃபரும் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) மாட்டியிருக்கிறீர்களா? இன்றைக்கே பானெட்டைத் திறந்து, பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் வயரைப் பாருங்கள். டெர்மினலிலிருந்து ஒரு முழத்துக்குள் அதில் ஃபியூஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வயரைக் கழற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். எனக்கு யாராவது இதை எட்டு மாதம் முன்பே சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

நான் கேட்டது நல்ல பாஸ், அவ்வளவுதான். கடைக்காரர் எடுத்துக் காட்டியது 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஆம்ப், அதற்கு இரண்டு 12 அங்குல வூஃபர். வண்டியின் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி, எத்தனை ஆம்பியர் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்று எனக்கும் தெரியாது. அரை நாளில் வேலை முடிந்தது. சவுண்ட் அபாரமாகத்தான் இருந்தது.

முதல் வாரமே ஹெட்லைட் சொல்லிவிட்டது. இரவில் பாட்டைச் சத்தமாக வைத்தால், ஒவ்வொரு பாஸ் அடிக்கும் லைட் மங்கி மங்கி எரிந்தது. திரும்பப் போனேன். "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார், ஒரு கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்" என்று 1 ஃபேரட் கெப்பாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று தரும் கருவி) ஒன்றை மாட்டிவிட்டார். நீல நிறத்தில் வோல்டேஜ் காட்டும் டிஸ்ப்ளே வைத்தது, பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கெப்பாசிட்டர் 13.8 வோல்ட்டிலிருந்து 12.8க்கு இறங்குவதற்குள் கொடுக்கக்கூடிய சக்தி ஏறக்குறைய 13 ஜூல்தான். ஆயிரம் வாட்ஸுக்கு மேல் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும். தீர்ந்ததும் அதை மறுபடி நிரப்ப வேண்டியதும் அதே ஆல்டர்னேட்டர்தான். லைட் மங்குவது கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது, அப்புறம் பழைய கதை.

அடுத்து, காலையில் செல்ஃப் எடுக்காமல் போக ஆரம்பித்தது. "பேட்டரி சின்னது சார்" என்று பெரிய பேட்டரி மாற்ற வைத்தார். அதுவும் இரண்டு மாதத்தில் படுத்தது. ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயரை ஸ்டீரியோவிலிருந்து எடுக்காமல், எப்போதும் மின்சாரம் இருக்கிற ஒரு லைனில் கொடுத்திருந்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. சாவியை எடுத்தாலும் ஆம்ப் அணையவே இல்லை. பாட்டே ஓடாவிட்டாலும் ஒன்று, ஒன்றரை ஆம்பியர் இரவு முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்தால் எந்தப் பேட்டரி தாங்கும்?

பிறகு அந்த இரவு. பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏசி வழியாக பிளாஸ்டிக் தீய்கிற வாடை வந்தது. ஓரமாக நிறுத்தி, குழந்தையைத் தூக்கி முதலில் வெளியே விட்டுவிட்டுப் பானெட்டைத் திறந்தேன். புகை இல்லை. ஆனால் ஆம்ப்புக்குப் போகும் வயரைத் தொட்ட விரலை அந்த நொடியே எடுக்க வேண்டியிருந்தது. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு வீடு திரும்பினோம்.

மறுநாள் வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர். எதையும் கழற்றாமல், நெகட்டிவ் டெர்மினலைத் திரும்ப மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பாட்டைக் கொஞ்ச நேரம் மட்டும் போடச் சொல்லி மல்டிமீட்டரை வைத்தார். பாஸ் அடிக்கும்போது பேட்டரி டெர்மினலில் 12.7 வோல்ட். டிக்கியில் ஆம்ப்பின் டெர்மினலில் 10.8. "ரெண்டு வோல்ட் வழியிலேயே சூடாகப் போகுது தம்பி" என்றார். வயரில் ஒரு துண்டை வெட்டி என் கையில் கொடுத்தார். மேலே 4 கேஜ் என்று அச்சடித்திருந்தது (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன்). பார்வைக்கும் தடிமன்தான். பிளேடால் ரப்பரை உரித்தால், உறைதான் தடிமன். உள்ளே கம்பி அதில் பாதிகூட இல்லை, 8 கேஜுக்குத்தான் வரும். இழைகளை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், சுரண்டிய இடம் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். இந்த ரகம் அதே தடிமன் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே மின்சாரத்தைக் கடத்தும். பில்லில் "ஒரிஜினல் காப்பர்" என்றுதான் எழுதியிருந்தது.

நெகட்டிவ் பக்கம் இன்னும் மோசம். காரில் பாடித் தகடுதான் நெகட்டிவ் வழி, அதில் கொடுக்கும் இணைப்புதான் எர்த். டிக்கியில் பெயின்ட்டைச் சுரண்டாமலே ஒரு ஸ்க்ரூவை முறுக்கி எர்த் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு. அதில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல் வயரைத் திணித்திருந்தார்கள். சூட்டில் இளகிய உறையைத் தகட்டின் விளிம்பு அறுத்து, உள்ளே இருக்கும் இழைகள் பளபளவென்று தெரிந்தன. ஃபியூஸ் எங்கே என்று தேடினால் டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது! ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றுவதற்கு. நடுவழியில் அந்த இழை தகட்டில் பட்டிருந்தால், பேட்டரியில் உள்ள நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அந்த இடத்தில் பாய்ந்திருக்கும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மகள் தூங்கியது அந்த வயர் போகும் கார்ப்பெட்டுக்கு மேலேதான்.

அந்த 2000 வாட்ஸின் லட்சணத்தையும் அவர்தான் காட்டினார். ஆம்ப்பின் பக்கவாட்டில் இரண்டு 40 ஆம்பியர் ஃபியூஸ். ஆக மொத்தம் 80 ஆம்பியர். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 1104 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி ரக ஆம்ப் என்றால், 80 சதவீதம் வெளியே தந்தாலும் 900 வாட்ஸைத் தாண்டாது. கிளாஸ் ஏபி என்ற பழைய ரகம் என்றால் 60 சதவீதம்தான், இன்னும் குறையும். அட்டையில் இருந்தது ஒரு கணம் எட்டிப்பார்க்கும் பீக் கணக்கு. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவு.

அந்தப் பொய்க்கணக்கை விடுங்கள், உண்மையான 80 ஆம்பியரே என் வண்டிக்குத் தாங்காது. ஆல்டர்னேட்டர் 70 ஆம்பியர்தான். அதுவும் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது. ஐடிலிங்கில் பாதி வந்தாலே பெரிது. இரண்டு ஹெட்லைட்டுக்கு மட்டும் 8 ஆம்பியர். ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்த்து க்ளாம்ப் மீட்டரில் 32 ஆம்பியர் காட்டியது. மிச்சம் எங்கே இருக்கிறது ஆம்ப்புக்கு? குறைவதையெல்லாம் பேட்டரி கொடுத்துக் கொடுத்துத்தான் செத்திருக்கிறது. வோல்டேஜ் விழ விழ ஆம்ப் ஒலி அலையின் உச்சிகளை வெட்டி, கரகரப்பாகத் தள்ளும். ஒரு வூஃபரின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகியிருந்தது அதனால்தான்.

வெந்த வயரோடு கடைக்குப் போனேன். "ஓவர் சவுண்ட் வைத்திருப்பீர்கள்" என்றார். சவுண்ட் வைக்கத்தானே வாங்கினேன்? வயரைச் சுரண்டிக் காட்டினேன். கம்பெனியில் இருந்து அப்படித்தான் வருகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பணம் போனதைவிட, மூன்று முறை போய் நின்றும் ஒரு முறைகூட அவர் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. எடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

நீங்கள் மாட்டப் போவதாக இருந்தால், முதலில் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்று கேட்கிற கடையாகத் தேடுங்கள். வயரை உங்கள் கண் முன்னால் வெட்டிச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஹெட்லைட், ஏசி இரண்டையும் போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரியிலும் ஆம்ப்பிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ எர்த்திலோ கோளாறு, அதற்குக் கெப்பாசிட்டர் மருந்தே இல்லை. லைட் மங்கினால், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் மூன்று வயர்களையும் தடிமனாக மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் பெரிய ஆல்டர்னேட்டர், இல்லையா, சின்ன ஆம்ப். ஃபியூஸ் போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடச் சொன்னால் மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

நான் சின்ன ஆம்ப்புக்கு வந்துவிட்டேன். 300 வாட்ஸ் ஆர்எம்எஸ், ஒரே வூஃபர், அசல் செம்பு வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். ஏசியும் லைட்டும் போட்டு, ஐடிலிங்கில் பாட்டு ஓடும்போது ஆம்ப் டெர்மினலில் 13.2 வோல்ட் நிற்கிறது. நேற்று இரவும் கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி இறங்கி, அந்த வயரைத் தொட்டுப் பார்த்தேன். குளுமையாக இருந்தது.